பள்ளிக்கு அஞ்சிய சிறுவன் கட்டிய பள்ளி: மகாகவி தாகூரும் மாணவர் நாடகமும்

படிப்பு ஏறாத பிள்ளை என்று ஒரு மாணவனைப் பற்றிச் சொல்லிவிடுவது எளிது. அவன் ஏன் வகுப்பில் வாய் திறப்பதில்லை, ஏன் கடைசி வரிசையில் சுவரோடு ஒட்டி அமர்கிறான், ஏன் பாடவேளை முழுவதும் வாசலையே நோக்கிக் கொண்டிருக்கிறான் என்று ஆராய்வது அரிது. நம் சமுதாயத்துப் பிள்ளைகளுள் எத்தனையோ பேர் அந்தக் கடைசி வரிசையிலிருந்து எழுந்து வாசலைக் கடந்து போயினர், திரும்பி வரவில்லை. அவர்களைத் திரும்ப அழைத்து வருவதற்காகவே நம் கல்விக் கழகம் 25 ஆண்டுகளாகப் பாடுபட்டு வருகிறது. ஆகவே இவ்வெள்ளிவிழா மலரில், பள்ளியை வெறுத்து இடையிலேயே நின்றுவிட்ட ஒரு சிறுவனின் வரலாற்றை எழுதுதல் பொருத்தமென்று கருதினேன். அச்சிறுவன் பிற்காலத்தில் உலகம் போற்றும் கவிஞனானான் என்பதை அனைவரும் அறிவர். ஆனால் அவனே ஒரு பள்ளியை நிறுவி, நாடகத்தை அப்பள்ளியின் உயிர்மூச்சாக்கினான் என்பதைச் சிலரே அறிவர். அவர்தாம் மகாகவி இரவீந்திரநாத் தாகூர்.

கசந்த பள்ளி

தாகூர் 1861 மே 7-ஆம் நாள் கல்கத்தா நகரின் ஜோராசங்கோ பகுதியிலிருந்த பெருமாளிகையில் பிறந்தார். தந்தை தேவேந்திரநாதர் பிரம்ம சமாஜத்தின் தலைவர்களுள் ஒருவர். தாய் சாரதா தேவி. செல்வத்திற்கும் செல்வாக்கிற்கும் குறைவில்லாத ஜமீன் குடும்பம். எனினும் அக்குடும்பத்தின்மீதும் ஒரு வடு இருந்தது. அவர்தம் முன்னோர் இஸ்லாமியரோடு பழகினர் என்று காரணம் காட்டி, வங்கத்து வைதிகப் பிராமணர் அவர்களைப் பிராலிகள் என்று தாழ்த்தி, கொள்வினை கொடுப்பினை செய்யாது ஒதுக்கி வைத்தனர். நம் முன்னோர் பட்ட இழிவோடு அதனை ஒப்பிட இயலாது. ஆயினும் பிறப்பைக் கொண்டு மனிதனை அளக்கும் அளவுகோல் எத்தகையது என்பதை அவர் குடும்பமும் ஓரளவு அறிந்திருந்தது.

சிறுவன் இரவீந்திரனை ஓரியண்டல் செமினரி, நார்மல் பள்ளி, பெங்கால் அகாடமி, புனித சேவியர் என்று பள்ளி மாற்றிப் பள்ளியாகச் சேர்த்துப் பார்த்தனர். எதிலும் அவன் உள்ளம் ஒட்டவில்லை. முதற் பள்ளியிலே பாடம் ஒப்பிக்காத பிள்ளையைப் பலகைமேல் ஏற்றி, இரு கைகளையும் நீட்டச் செய்து, உள்ளங்கைகளின்மேல் சிலேட்டுகளை அடுக்கி நிறுத்துவது வழக்கம். இதைக் கண்டுவந்த சிறுவன் வீட்டில் என்ன செய்தான் தெரியுமா? மாளிகைத் தாழ்வாரத்தின் ஒரு மூலையில் தானே ஒரு பள்ளி தொடங்கினான். தாழ்வாரத்தின் மரக் கம்பிகளே மாணவர்கள். கையில் பிரம்பேந்திய இரவீந்திரனே ஆசிரியர். இந்தக் கம்பி நல்ல பையன், அந்தக் கம்பி பொல்லாத பையன் என்று வகுத்துக்கொண்டு, பொல்லாத கம்பிகளை அடிமேல் அடி அடித்தான். அக்கம்பிகளில் வடுக்கள் ஏறின. ஆசிரியரின் கல்வியைக் காட்டிலும் அவருடைய சினமே பிள்ளையின் உள்ளத்தில் விரைவில் பதிந்தது என்று முதுமையில் தம் நினைவுகளை எழுதியபோது அவர் உணர்ந்து கூறினார்.

இந்நிகழ்ச்சியில் இரண்டு உண்மைகள் அடங்கியுள்ளன. குழந்தை பிறவியிலேயே நடிகன். கண்டதை நடித்துக் காட்டியே அதனைப் புரிந்து கொள்கிறான். ஆசிரியர் எதைக் கற்பிப்பதாக எண்ணுகிறாரோ அதையன்றி, அவர் எவ்வாறு நடந்து கொள்கிறாரோ அதையே மாணவன் முதலில் கற்கிறான்.

அடுத்துச் சேர்ந்த நார்மல் பள்ளியில் நாள்தோறும் வகுப்புத் தொடங்குமுன் பிள்ளைகள் வரிசையாக அமர்ந்து ஓர் ஆங்கிலப் பாட்டைப் பாட வேண்டும். பொருளை எவரும் சொல்லித் தரவில்லை. நாளடைவில் சொற்கள் அனைத்தும் தேய்ந்து சிதைந்து, ஆங்கிலமும் இன்றி வங்கமும் இன்றி வெற்றொலியாகவே நின்றன. அப்பள்ளியில் இழிசொற்களை வழங்கும் ஆசிரியர் ஒருவரும் இருந்தார். அவர் வாய்மொழியை வெறுத்த இரவீந்திரன், அவர் கேட்ட எந்த வினாவிற்கும் விடையளிக்காமல் ஆண்டு முழுவதும் வகுப்பின் கடைசியில் ஊமைபோல் அமர்ந்திருந்தான். ஆண்டிறுதியில் வேறொரு பண்டிதர் வங்கமொழித் தேர்வு நடத்தினார். முதல் மதிப்பெண் இரவீந்திரனுக்கே கிடைத்தது. இது பாரபட்சம் என்று அந்த ஆசிரியர் முறையிட்டார். மேலாளர் உடனிருக்க மறுதேர்வு நடந்தது. அதிலும் அவனே முன்னின்றான்.

வாய் திறவாத மாணவன் ஒன்றும் அறியாதவன் என்று முடிவு கட்டும் ஆசிரியர்கள் இந்நிகழ்ச்சியை மறத்தலாகாது. சில பிள்ளைகளின் மௌனம் அறியாமையால் வருவதன்று. அது தன்மானத்தால் வருவது.

சுமார் பதினான்கு வயதில் பள்ளிப் படிப்பு நின்றது. அதே 1875-ஆம் ஆண்டில் தாயும் மறைந்தார். இனி இவன் உருப்பட மாட்டான் என்று உறவினர் கைவிட்டனர்.

வீட்டு மேடை தந்த கல்வி

பள்ளி தராததை வீடு தந்தது. அண்ணன் ஹேமேந்திரநாதர் தாய்மொழியிலேயே தம்பிமார்க்குக் கல்வி அளித்தல் வேண்டும் என்பதில் உறுதியாக நின்றவர். மற்றோர் அண்ணன் ஜோதிரிந்திரநாதர் நாடக ஆசிரியர், இசை வல்லுநர். அவர் இயற்றிய நகைச்சுவை நாடகம் ஒன்றில் தம் பதினாறாவது வயதில் தாகூர் முதன்முறையாக வேடம் பூண்டார். வகுப்பில் விடை கூற மறுத்த அதே பையன், மேடையில் அனைவரும் கேட்க முழங்கினான்.

1878-இல் இங்கிலாந்து சென்று இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் சிறிது காலம் பயின்றார். ஆயினும் 1880-இல் பட்டம் ஏதுமின்றியே திரும்பினார். மறு ஆண்டு, 1881-இல், வால்மீகி பிரதிபா என்னும் இசை நாடகத்தை எழுதி ஜோராசங்கோ மாளிகையிலேயே அரங்கேற்றினார். கொள்ளையர் தலைவனாகத் திரிந்த வால்மீகி, பலியிடக் கொண்டுவரப்பட்ட சிறுமியைக் கண்டு இரக்கம் கொண்டு, அவ்விரக்கத்தினாலேயே கவிஞனாக மாறும் கதை அது. வால்மீகியாகத் தாகூரும் கலைமகளாக ஹேமேந்திரநாதரின் மகள் பிரதிபாவும் நடித்தனர். நம் நாட்டு இராகங்களோடு மேல்நாட்டு மெட்டுக்களையும் அச்சமின்றிக் கலந்திருந்தார்.

1885-இல் அண்ணியார் ஞானதானந்தினி தேவி பாலக் என்ற சிறுவர் இதழை நடத்தினார். அதில் தாகூர் பிள்ளைகளுக்காக விடுகதை நாடகங்கள் சிலவற்றை எழுதினார். ஒரு சொல்லைப் பிரித்து அதன் பகுதிகளை உரையாடலுக்குள் ஒளித்து வைப்பர். காண்போர் அச்சொல்லைக் கண்டுபிடித்தல் வேண்டும். சிரிப்பும் விளையாட்டுமாகத் தோன்றினாலும், சொல்லின் உறுப்புக்களையும் பொருளையும் பிள்ளைகள் ஊன்றிக் கவனிக்கும் பயிற்சி அதில் பொதிந்திருந்தது. அக்குறு நாடகங்களுள் ஒன்று, பொருளறியாது உருப்போடச் செய்யும் வீட்டு ஆசிரியரையும் அவரிடம் அகப்பட்ட மாணவனையும் காட்டி நகையாடுவது. நார்மல் பள்ளியின் பொருளற்ற பாட்டு அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை போலும்!

மரநிழலில் ஒரு பள்ளி

கல்கத்தாவிலிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில், பீர்பூம் மாவட்டத்துப் போல்பூர் அருகே, தேவேந்திரநாதர் 1863-இல் அமைத்த தியான இல்லமே சாந்திநிகேதன். அவ்விடத்தில் 1901 டிசம்பர் 22-ஆம் நாள் தாகூர் ஒரு பள்ளியைத் தொடங்கினார். விரல்விட்டு எண்ணத்தக்க மாணவர்களே இருந்தனர். அவர்களுள் ஒருவர் அவருடைய மூத்த மகன் ரதீந்திரநாதர். வகுப்புக்கள் மரநிழலில் நடந்தன. பிரம்புக்கு அங்கே இடமில்லை. தவறு செய்த மாணவரைப் பற்றி மாணவர்களே கூடி விசாரித்து முடிவு செய்தனர்.

பள்ளியை நடத்தப் பணம் போதவில்லை. மனைவி மிருணாளினி தேவி தம் நகைகளை விற்றுத் தந்தார். அவரும் 1902-இல் மறைந்தார். 1903-இல் மகள் ரேணுகாவும், 1905-இல் தந்தையும், 1907-இல் இளைய மகன் சமீந்திரநாதனும் அடுத்தடுத்து இறந்தனர். இத்துணைத் துன்பத்திற்கிடையிலும் பள்ளியை அவர் கைவிடவில்லை.

அந்தச் சமீந்திரநாதனைப் பற்றி ஒரு சொல். 1907-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பத்து வயதே நிரம்பிய அப்பாலகன் தன் தோழர்களைக் கூட்டிச் சாந்திநிகேதனில் பருவ விழா ஒன்றை நடத்தினான். பிள்ளைகள் பருவங்களின் வேடம் புனைந்து ஆடிப் பாடினர். அவ்வாண்டு நவம்பரிலேயே வாந்திபேதி அச்சிறுவனைக் கொண்டு சென்றது. ஆனால் அவன் ஏற்றிய விளக்கு அணையவில்லை. சாந்திநிகேதனின் புகழ்பெற்ற பருவ விழாக்களுக்கு அதுவே வித்தாயிற்று. ஆசிரியரின் ஆணையால் பிறவாமல், ஒரு சிறுவனின் விளையாட்டிலிருந்து பிறந்த மரபு அது.

மறு ஆண்டு, 1908-இல், ஆசிரமத்துப் பையன்களுக்கென்றே சாரதோற்சவம் என்னும் நாடகத்தைத் தாகூர் எழுதினார். மழை ஓய்ந்து வானம் தெளியும் சரத்காலத்தில் விடுமுறைக்காக ஆர்ப்பரிக்கும் பிள்ளைகள். அவர்களோடு ஆடும் ஒரு கிழவர். பணப்பேய் பிடித்த கஞ்சன் ஒருவன். துறவி வேடம் பூண்ட மன்னன். இவர்களுக்கிடையே உபநந்தன் என்னும் ஏழைச் சிறுவன் மட்டும் விளையாட வராமல் ஏட்டுச் சுவடியைப் படியெடுத்துக் கொண்டிருக்கிறான். இறந்துபோன தன் ஆசானின் கடனை உழைத்துத் தீர்க்க வேண்டும் என்பது அவன் உறுதி. கடன் தீர்க்கும் அவ்வுழைப்பே உண்மையான திருவிழா என்று கண்ட துறவி, தாமும் அமர்ந்து சுவடி எழுதத் தொடங்குகிறார். பிள்ளைகளும் உடன் சேர்கின்றனர். வேலை செய்யும் ஏழைப் பிள்ளையை எள்ளாமல், அவனையே விழாவின் நடுநாயகமாக்கியது இந்நாடகம். விடுமுறையில் கூலி வேலைக்குச் சென்று புத்தகம் வாங்கும் நம் பிள்ளைகள் தங்களையே உபநந்தனிடம் காணலாம்.

அவர் கையாண்ட முறைகள்

நாடகத்தைத் தனிப்பாடமாக வைத்து இலக்கணம் கூறித் தாகூர் கற்பிக்கவில்லை. வாழ்க்கையோடு வாழ்க்கையாக அது அங்கே நடந்தது. எழுதி முடித்த நாடகத்தை முதலில் ஆசிரியரும் மாணவரும் கூடியிருக்கத் தாமே உரக்கப் படித்துக் காட்டுவார். எழுத்தைக் கண்டு மருளும் பிள்ளைக்கும் கதை செவிவழியே சென்று சேர்ந்துவிடும். ஒத்திகைகள் மூடிய அறைக்குள் நடந்தவை அல்ல. வேடம் ஏற்காத மாணவரும் வந்து சூழ்ந்து கேட்டனர். அவர்களுக்கும் பாட்டும் உரையும் மனப்பாடமாயின. பாட்டுக்களைத் தினேந்திரநாத் தாகூர் பயிற்றுவித்தார். ஒத்திகையின்போது ஒரு வசனம் பிள்ளையின் வாயில் ஒட்டவில்லையெனில் தாகூர் அவ்வசனத்தை மாற்றிவிடுவார். காட்சிகளையே திருத்துவதும் உண்டு.

ஆசிரியர்கள் வேடிக்கை பார்க்கவில்லை. அறிவியல் கற்பித்த ஜகதானந்த ராய் போன்றோரும் மாணவரோடு மேடையேறினர். காலையில் வகுப்பில் கண்ட ஆசிரியர் மாலையில் தன்னோடு வேடம் கட்டி நிற்பதைக் காணும் மாணவனுக்கு அச்சம் எங்கிருந்து வரும்?

வண்ணத் திரைகளையும் விலையுயர்ந்த காட்சி அமைப்புக்களையும் தாகூர் விரும்பவில்லை. காண்போர் உள்ளத்தின் கற்பனைக்கு இடம் விடுவதே நல்ல மேடை என்பது அவர் கொள்கை. இலையும் பூவும் மரக்கிளையுமே பெரும்பாலும் அலங்காரமாயின. பின்னாளில் ஓவியர் நந்தலால் போஸ் அம்மேடைக்கு எளிமையோடு கூடிய அழகைத் தந்தார்.

மொழிப்பாடத்திலும் நடிப்பு புகுந்தது. ஆங்கிலம் தொடங்கும் பிள்ளைகளுக்காக அவர் வகுத்த பாடமுறையில், ஆசிரியர் வா, போ, உட்கார், கதவைத் திற என்பன போன்ற கட்டளைகளை ஆங்கிலத்தில் கூற, மாணவர் அவற்றை உடலால் செய்து காட்டுவர். முதலில் செவி, அடுத்து உடல், பிறகு வாய், கடைசியில் எழுத்து என்பது அதன் வரிசை.

பள்ளிக்குள் இருந்த சுவர்

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் கூறுதல் வேண்டும். சாந்திநிகேதன் தொடக்கத்திலேயே சமத்துவப் பூங்காவாக மலர்ந்துவிடவில்லை. பண்டைய குருகுலத்தின் மாதிரியில் அமைந்த அப்பள்ளியில், முதல் ஆண்டுகளில் பிராமண மாணவர் தனியே அமர்ந்து உண்டனர். 1902-இல், பிராமணரல்லாத ஆசிரியர் ஒருவரைப் பிராமண மாணவர் கால்தொட்டு வணங்கலாமா என்னும் வினா எழுந்தது. அன்றைய தாகூர் வழக்கத்தின் பக்கமே சாய்ந்து, கைகூப்பினால் போதும் என்று இசைந்தார். உலகக் கவி என்று போற்றப்படும் ஒருவரும் இச்சிறையிலிருந்து ஒரே நாளில் விடுபடவில்லை.

ஆனால் அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. ஒன்பது ஆண்டுகள் சென்றபின், 1911-இல், அசலாயதன் என்னும் நாடகத்தை எழுதினார். அசையாத இல்லம் என்பது அதன் பொருள். அக்கதையில் வருவதும் ஒரு பள்ளியே. அதனைச் சுற்றி உயர்ந்த மதில். உள்ளே எண்ணற்ற மந்திரங்கள், விலக்குகள், கழுவாய்கள். சுபத்திரன் என்னும் சிறுவன், முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக மூடியிருந்த வடக்குச் சன்னலைத் திறந்து வெளியே பார்த்துவிடுகிறான். அதற்காக அவனை இருளில் அடைத்து வைக்க வேண்டுமென மூத்தவர்கள் துடிக்கின்றனர். அவனுக்கு இரங்கிய ஆசாரியர் பதவி இழந்து, தீண்டத்தகாதவராகக் கருதப்படும் தர்ப்பகர்களின் சேரிக்கு விரட்டப்படுகிறார். மதிலுக்குள் வெறும் சொற்களாகக் கிடந்த பக்தி, அச்சேரி மக்களின் எளிய பாட்டில் உயிரோடு இருப்பதை அவர் அங்கே காண்கிறார். இறுதியில் அனைவரும் எதிர்பார்த்திருந்த குரு வருகிறார். மதிலை இடித்துக்கொண்டு, விலக்கி வைக்கப்பட்ட மக்களோடு வருகிறார். இடிந்த இடத்தில் புதிய இல்லத்தை அவர்களைச் சேர்த்துக்கொண்டே கட்ட வேண்டும் என்பது முடிவு.

வைதிகர் சினந்தனர், ஏடுகளில் கண்டனங்கள் வந்தன. தாகூர் அஞ்சவில்லை. 1914-இல் தம் பள்ளியிலேயே, தம் மாணவரையும் ஆசிரியரையும் கொண்டே அந்நாடகத்தை மேடையேற்றி, ஆசாரியராகத் தாமே நடித்தார். தாம் கட்டிய பள்ளிக்குள் நின்ற சுவரை, அப்பள்ளியின் பிள்ளைகள் வாயிலாகவே இடித்துக் காட்டினார். நாடகத்தின் வலிமைக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

சன்னலருகே ஒரு சிறுவன்

அதே காலத்தில் பிறந்தது டாக்கர் என்னும் அஞ்சல் நிலைய நாடகம். நோயுற்ற சிறுவன் அமல் வெளியே செல்லக் கூடாது என்று வைத்தியர் தடுத்துவிடுகிறார். சன்னலருகே அமர்ந்து, தெருவில் செல்லும் தயிர்காரனோடும் காவற்காரனோடும் பூப்பறிக்கும் சிறுமி சுதாவோடும் அவன் பேசுகிறான். எதிரே புதிதாக வந்த அரசரின் அஞ்சல் நிலையத்திலிருந்து தனக்கும் ஒரு கடிதம் வரும் என்று காத்திருக்கிறான். கதை இவ்வளவே. இதனை 1913-இல் அயர்லாந்தின் ஆபி அரங்கத்தார் டப்ளினில் நடித்தனர். 1917-இல் கல்கத்தாவில் காங்கிரசு மாநாடு கூடிய சமயம் ஜோராசங்கோ மாளிகையில் அது நடைபெற்றபோது, காந்தியடிகள், திலகர், அன்னி பெசன்ட் ஆகியோர் கண்டு களித்தனர். அமலாக நடித்தவன் சாந்திநிகேதன் மாணவன் ஒருவனே. 1913-இல் நோபல் பரிசு பெற்று உலகப் புகழ் எய்தியிருந்த கவிஞர், ஒரு சிறுவனுக்குத் துணைப் பாத்திரமாக நின்று அவனை ஒளிரச் செய்தார்.

அதற்கு முந்திய ஆண்டு, 1916-இல், பாங்குரா மாவட்டத்துப் பஞ்ச நிவாரணத்திற்காகப் பால்குனி நாடகத்தை ஆசிரமத்தார் கல்கத்தாவில் நடித்துப் பொருள் திரட்டினர். பசித்தவர்க்குப் பயன்படும் தொழிலும் மாணவர் நாடகத்திற்கு உண்டு என்பதை அது காட்டியது.

1921-இல் விசுவபாரதி உருவாயிற்று. 1922-இல் கிராம மேம்பாட்டிற்கெனச் சீநிகேதன் தோன்றியது. 1924-இல் ஏழைக் கிராமச் சிறுவர்க்காகச் சிக்ஷா சத்ரா என்னும் பள்ளி தொடங்கப்பட்டது. பெண்களும் மேடைக்கு வந்தனர். புத்தரை வணங்கியதற்காக உயிர் துறந்த நடனமாதின் கதையான நடீர் பூஜா 1926-இல் மாணவியராலேயே நடிக்கப்பெற்றது. குடும்பப் பெண்கள் மேடையேறுவதை ஊரார் தூற்றிய காலம் அது. ஆகவே அடுத்த ஆண்டு கல்கத்தாவில் நடந்தபோது, புத்தத் துறவி வேடம் ஒன்றைப் புதிதாகச் சேர்த்துத் தாகூர் தாமும் மேடையில் தோன்றினார். அம்மாணவியர்க்கு அறுபத்தைந்து வயதுக் கவிஞர் அரணாக நின்றார்.

ஒரு கை தண்ணீர்

1927 மார்ச் 20-ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் மகாத் நகரத்துச் சவுதார் குளத்தில் இறங்கி, ஆயிரக்கணக்கான நம் மக்களோடு தண்ணீர் அருந்தினார். அது வரலாறு. ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1933-இல், தாகூர் எழுதிய சண்டாளிகா நாடகமும் தண்ணீரிலேயே தொடங்குகிறது. பழைய பௌத்தக் கதை ஒன்றினை அடியொற்றியது அது. புத்தரின் சீடர் ஆனந்தர், கிணற்றருகே நிற்கும் பிரகிருதி என்னும் பெண்ணிடம் தண்ணீர் கேட்கிறார். தான் சண்டாளக் குலத்தவள் என்று அவள் அஞ்சி விலகுகிறாள். அவரோ மனிதர் அனைவரும் ஒரு குலமே என்று உணர்த்தி, அவள் வார்த்த நீரை வாங்கிப் பருகுகிறார். அந்நொடியே அவளுக்குப் புதுப்பிறப்பாகிறது. தன்னை இழிந்தவள் என்று சொல்லிவந்த சொல் பொய் என்பதை அவள் அறிகிறாள். பின்பு ஆனந்தர்மீது கொண்ட ஆசையால் தாயின் மந்திரத்தைத் துணைக்கொண்டு அவரை ஈர்க்க முயன்று, அவர் முகத்தில் தோன்றிய வேதனையைக் கண்டு திருந்துகிறாள். 1938-இல் இது நாட்டிய நாடகமாகி, சாந்திநிகேதன் மாணவர்களால் கல்கத்தாவிலும் நடிக்கப்பெற்றது.

1932-இல் பூனா ஒப்பந்தம் ஏற்பட்ட நாட்களில் எரவாடா சிறைக்குச் சென்று காந்தியடிகளின் பக்கம் நின்றவர் தாகூர். அவ்வொப்பந்தத்தால் தனித் தொகுதி உரிமையை இழந்தோம் என்ற ஆறாத குறை நம்மவர்க்கு உண்டு. அதனையும் நாம் மறத்தல் வேண்டா. எனினும் கால்தொட்டு வணங்குவதற்கும் குலம் பார்த்த பள்ளியில், முப்பது ஆண்டுகளுக்குப் பின் சண்டாளப் பெண்ணே நாயகியாக நடுமேடையில் நின்றாள் என்பதையும் நாம் மறத்தல் ஆகாது. கவிஞர் மேடைக்குக் கற்பித்தார். மேடையும் கவிஞருக்குக் கற்பித்தது.

மறைவும் தொடர்ச்சியும்

1941 ஆகஸ்டு 7-ஆம் நாள், பிறந்த மாளிகையிலேயே தாகூர் காலமானார். அவர் நாடகம் மறையவில்லை. மறு ஆண்டு, போலந்து நாட்டு வார்சா நகரில், நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்திருந்த பகுதியில், யானுஸ் கோர்ச்சாக் என்னும் மருத்துவர் அநாதைக் குழந்தைகள் இல்லம் ஒன்றை நடத்தி வந்தார். பசியாலும் நோயாலும் வாடிய அக்குழந்தைகள் 1942 ஜூலை 18-ஆம் நாள் அஞ்சல் நிலையம் நாடகத்தை நடித்தனர். மூன்று வாரம் கூட ஆகவில்லை. சுமார் 200 குழந்தைகளோடு கோர்ச்சாக்கும் திரெப்ளிங்கா கொலைக்களத்திற்குக் கொண்டு செல்லப்பட்டார். தாம் மட்டும் தப்பிக்கக் கிடைத்த வாய்ப்புக்களை அவர் ஏற்கவில்லை. சன்னலருகே காத்திருந்த அமலின் கதை, சாவை எதிர்நோக்கியிருந்த குழந்தைகளுக்கு அச்சத்தைக் கடக்கும் துணையாயிற்று. வங்கத்துக் கிராமப் பள்ளியில் வேர்விட்ட ஒரு நாடகம் எங்கே சென்று யாருக்குக் கைகொடுத்தது, பாருங்கள்!

நாம் செய்ய வேண்டுவது

அன்பார்ந்த இளைஞர்களே! நம் கழகத்தின் மாலைநேர வகுப்புக்களில் தொண்டாற்றும் உங்களுக்கு இவ்வரலாறு சில வழிகளைக் காட்டுகிறது. அவற்றிற்குப் பணம் தேவையில்லை.

படிக்கத் தயங்கும் பிள்ளையிடம் முதலிலேயே புத்தகத்தை நீட்டாதீர்கள். பாடத்திலுள்ள கதையை உரக்கப் படித்துக் காட்டுங்கள். பிறகு அவனை நடிக்கச் செய்யுங்கள். அதன்பின் அவன் பேசிய வசனத்தை அவனையே எழுதச் சொல்லுங்கள். தான் பேசிய சொல்லை எழுதும்போது எழுத்து அவனுக்கு அந்நியமாகத் தோன்றாது.

விடுகதை நாடகம் நடத்துங்கள். பலகை என்னும் சொல்லை எடுத்துக் கொள்ளுங்கள். முதற்காட்சியில் பல என்ற சொல்லும், இரண்டாவதில் கை என்ற சொல்லும், மூன்றாவதில் பலகையும் உரையாடலில் வந்து செல்லட்டும். பார்ப்பவர் கண்டுபிடிக்கட்டும். நான்கு வரி பேச அஞ்சும் பிள்ளையும் இவ்விளையாட்டில் வாய் திறப்பான்.

திரையில்லை, உடையில்லை என்று கலங்காதீர்கள். வேப்பங்கொத்தும் தென்னங்கீற்றும் போதும். ஆசிரியராகிய நீங்களும் ஒரு வேடம் ஏற்று உடன் நில்லுங்கள். பேச முற்றிலும் கூசும் பிள்ளைக்குத் தாளத்தையோ பாட்டின் பின்குரலையோ தாருங்கள். ஒருவரும் வெளியே நிற்கலாகாது.

இறுதியாக ஒன்று. முப்பது ஆண்டு ஆசிரியப் பணியில் பல ஊர்களின் பள்ளி ஆண்டு விழாக்களைக் கண்டிருக்கிறேன். அரசன் வேடம் எப்போதும் ஒரு தெருவுக்குப் போகும். நாற்காலி சுமப்பதும் திரை இழுப்பதும் எப்போதும் மற்றொரு தெருவுக்கு வரும். நாற்காலி சுமந்த பிள்ளை மறு ஆண்டு பள்ளியிலேயே இருப்பதில்லை. இதனை மாற்றுவதே நம் முதல் வேலை. நம் மேடையில் குடத்தைச் சுமப்பவளுக்குப் பிரகிருதியின் வசனம் கிடைக்கட்டும். சன்னலருகே ஒதுங்கி நிற்பவன் அமலாகட்டும். வேலைக்குச் சென்று வருபவன் உபநந்தனாகட்டும்.

பள்ளிக்கு அஞ்சிய ஒரு சிறுவன் மரக் கம்பிகளைக் கொண்டு நடத்திய விளையாட்டு, ஆண்டுகள் பல கடந்து உலகிற்கோர் பள்ளியாயிற்று. நம் கடைசி வரிசையில் இன்று மௌனமாக அமர்ந்திருக்கும் பிள்ளையின் உள்ளத்திலும் அத்தகைய ஒரு பள்ளி இருக்கக்கூடும். அதன் கதவைத் திறப்பது நம் கடன். வாழ்க நம் கழகம்! வளர்க கல்வித் தொண்டு!